சாசனம் எழுதியவர்கள் இன்றைய ஆட்சியைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? எதை வைத்து அளப்பது?

பட்டிமன்றப்பாண்டி:

கல்லூரியில் அடுத்த மாதம் பட்டிமன்றம். தலைப்பு, "அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் இன்றைய ஆட்சிமுறையைக் கண்டால் மகிழ்வார்களா, மனம் நோவார்களா?" இரண்டு அணிக்கும் குறிப்பு எடுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் அம்பேத்கர் படம் போட்ட பொன்மொழி அட்டைகள்தான் வருகின்றன. பாதிக்குத் தேதியும் இல்லை, எங்கே பேசினார் என்பதும் இல்லை.

"இன்று இருந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள்" ரகப் பேச்சு வேண்டாம். அவர்கள் எதிர்பார்த்தது இது, நடந்தது இது என்று பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டுகிற மாதிரி நாலைந்து இடங்கள் வேண்டும். சாசனத்தை எழுதிய நிர்ணய சபையின் விவாதப் பதிவைத் திறந்து, மாநில ஆட்சியைக் கலைக்கும் பிரிவான 356 என்று தேடினேன். சம்பந்தமே இல்லாத பக்கங்கள் வருகின்றன. அதை எப்படித்தான் படிப்பது? எந்தக் கட்சி ஆட்சி நல்லது என்ற சண்டையை மட்டும் இங்கே ஆரம்பிக்காதீர்கள், கும்பிடுகிறேன்.

வரைவுத்தாள்:

356 கிடைக்காததற்குக் காரணம் எண் மாறிவிட்டதுதான். சபை விவாதித்தது 1948 பிப்ரவரியில் வெளியான வரைவை. அதில் 315 பிரிவுகள். முடிவில் 395 ஆகிவிட்டது. இன்றைய 356 அன்றைக்கு 278. உங்களுக்குத் தேவைப்படக்கூடிய மற்றவை: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் 85 அன்று 69, குடியரசுத் தலைவர் மசோதாவுக்கு ஒப்புதல் தரும் 111 அன்று 91, அவசரச் சட்டம் 123 அன்று 102, மாநிலத்துக்கான 213 அன்று 187, ஆளுநரின் விருப்புரிமை 163 அன்று 143, ஆளுநர் ஒப்புதல் 200 அன்று 175, தேர்தல் ஆணையம் 324 அன்று 289, நெருக்கடி நிலை 352 அன்று 275. இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மொத்தம் 12 தொகுதி. உங்கள் தலைப்புக்கு 8-ம் 9-ம் போதும். 8-வது தொகுதி 1949 மே 16 முதல் ஜூன் 16 வரை, 9-வது ஜூலை 30 முதல் செப்டம்பர் 18 வரை. ஆட்சி இயந்திரம் பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: விவாதித்த அன்றே எல்லாம் முடிவாகிவிடவில்லை. உயிர் வாழும் உரிமை பற்றிய இன்றைய 21 (அன்று 15) 1948 டிசம்பர் 6-ல் விவாதிக்கப்பட்டு 13-ல்தான் முடிவுக்கு வந்தது. முதல் நாளை மட்டும் படித்துவிட்டு மேடையேறினால் எதிரணி மாட்டிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லோரும் நேரே அம்பேத்கரின் பதிலுரைக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் யார் என்ன திருத்தம் கொண்டுவந்தார், அது ஏன் தோற்றது என்று பாருங்கள். வரைவுக்கு ஏறத்தாழ 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டு, 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. தோற்ற திருத்தத்தில் அன்றைய பயம் இருக்கிறது. அதை நிராகரித்துச் சொன்ன பதிலில் அன்றைய நம்பிக்கை இருக்கிறது. "இப்படி நடக்காது, ஆகவே இந்தத் தடுப்பு தேவையில்லை" என்று சொல்லியிருப்பார்கள். பிறகு நடந்ததா இல்லையா என்பதைச் சரிபார்க்க முடியும். உங்களுக்கு அளவுகோல் இதுதான், மற்றதெல்லாம் ஊகம்.

356-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தில் அரசமைப்பின்படி ஆட்சி நடத்த முடியாத நிலை என்று ஆளுநரின் அறிக்கை வழியாகவோ "வேறு வகையிலோ" குடியரசுத் தலைவருக்குத் தெரிந்தால் ஆட்சியைக் கையில் எடுக்கலாம் என்பது வாசகம். அந்த "வேறு வகையில்" என்பதை எடுத்துவிடச் சொல்லி சபை உறுப்பினர் எச்.வி. காமத் மிகக் கடுமையாக வாதாடினார். ஆளுநர் நீங்களே நியமித்த ஆள், அவர் அறிக்கைகூட வேண்டாம் என்றால் எப்படி என்பது அவருடைய கேள்வியின் சாரம். திருத்தம் எடுபடவில்லை. 1949 ஆகஸ்ட் 4-ல் அம்பேத்கர் பதில் சொன்னபோது, இது தவறாகப் பயன்படக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இப்பிரிவுகள் ஒருபோதும் செயலுக்கு வராமல் ஏட்டோடு கிடக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும். வந்தாலும் முதலில் மாநிலத்துக்கு எச்சரிக்கை, பிறகு தேர்தல் நடத்தி மக்களையே முடிவு செய்ய விடுவது, அவை பலிக்காவிட்டால்தான் இது என்றார்.

நடந்தது: சாசனம் அமலுக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 1951 ஜூனில் பஞ்சாபில் முதல் பயன்பாடு. 1959 ஜூலை 31-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அரசு, சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருக்கும்போதே போனது. 1977-ல் ஜனதா அரசு ஒன்பது மாநில காங்கிரஸ் அரசுகளைக் கலைத்தது, 1980-ல் காங்கிரஸ் வந்து பதிலுக்கு ஒன்பதைக் கலைத்தது. இதுவரை நூறு தடவைக்கு மேல். காமத் பயந்த அதே வழி 1991 ஜனவரி 30-ல் தமிழ்நாட்டில் திறந்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். "வேறு வகையில்" என்பதை வைத்தே தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. 1949-ல் தோற்ற திருத்தம் ஒன்று நாற்பத்தோரு ஆண்டு கழித்து எப்படிச் சரியாகப் போனது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மறு அணிக்கும் இதிலேயே தீனி உண்டு. 1994 மார்ச் 11-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மையை அளக்க வேண்டிய இடம் ஆளுநர் மாளிகை அல்ல, சட்டமன்றத் தளம் என்றது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புக்கொள்ளும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக்கூடாது என்றது. அதன் பிறகு இந்தப் பிரிவைக் கையில் எடுப்பது வெகுவாகக் குறைந்தது. அம்பேத்கர் எதிர்பார்த்த கட்டுப்பாடு 45 ஆண்டு தாமதமாக, வேறு கதவு வழியாக வந்தது என்று வாதாடலாம்.

மூன்றாம்வாய்தா:

வரைவுத்தாள் சொன்ன முறை சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். சாசனத்தில் எங்கெல்லாம் நாள், வாரம், மாதம் என்று எண் போட்டிருக்கிறார்களோ அங்கே பெரும்பாலும் எழுத்து காப்பாற்றப்பட்டிருக்கிறது. எங்கே "கூடிய விரைவில்" என்று பெருந்தன்மையாக விட்டார்களோ அங்கேதான் ஒழுகுகிறது. ஆளுநர் விவகாரம் முழுக்க இதுதான்.

முதலில் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது என்ற யோசனை இருந்தது. முதலமைச்சரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஆளுநரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றால் மோதல் வரும் என்று 1949 மே 30, 31-ல் நியமனத்துக்கு மாறினார்கள். அந்தப் பதவிக்கு அதிகாரம் மிகக் குறைவு, பெரும்பாலும் அலங்காரம்தான், அதற்குப் போய் யார் தேர்தலில் நிற்பார் என்பது அம்பேத்கரின் வாதங்களில் ஒன்று. அடுத்த நாளே, ஜூன் 1-ல், அப்படியானால் 143-லிருந்து விருப்புரிமை என்பதை எடுத்துவிடுங்கள் என்று காமத் கேட்டார், இன்னொரு உறுப்பினரான குன்ஸ்ரு ஆதரித்தார். எடுக்கவில்லை. அலங்காரம் என்றும் சொன்னார்கள், விருப்புரிமையையும் விட்டுவைத்தார்கள். இரண்டு அணியும் இந்த இரண்டு நாளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளலாம்.

மசோதா ஒப்புதலுக்கு வாருங்கள். குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் ஆறு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று வரைவுப் பிரிவு 91-ல் எண்ணே இருந்தது. 1949 மே 20-ல் அதை எடுத்துவிட்டு "கூடிய விரைவில்" என்று போட்டார்கள். காமத் அப்போதும் எதிர்த்தார். ஆளுநருக்கான 175-லும் ஆகஸ்ட் 1-ல் அதே "கூடிய விரைவில்" வந்து உட்கார்ந்தது. கூடவே, "தன் விருப்பப்படி" திருப்பி அனுப்பலாம் என்று வரைவில் இருந்ததும் நீக்கப்பட்டது. அதிகாரத்தைக் குறைத்தார்கள், கெடுவையும் விட்டுவிட்டார்கள்.

இதன் பலனைப் பார்க்கத் தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களே போதும். 2023 நவம்பர் 13-ல் ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்தார். 18-ல் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அப்படியே மறுபடி நிறைவேற்றியது. 28-ல் அவர் அவற்றைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி அனுப்பினார். இரண்டாம் முறை வந்தால் ஒப்புதலை நிறுத்தக்கூடாது என்று 200-வது பிரிவு சொல்கிறது. ஒதுக்கலாமா என்பதுதான் சண்டை. 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்து, கெடுவும் விதித்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் 2025 நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சாசனத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் போட முடியாது, தானாக ஒப்புதல் ஆகிவிட்டதாகக் கருதவும் முடியாது என்றது. காரணம் சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி வரம்புக்கு உட்பட்ட உத்தரவு போடலாம் என்றும் சொன்னது. மேடையில் ஏப்ரல் தீர்ப்பை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தத் தப்பு இப்போது நிறையப் பேர் செய்கிறார்கள்.

அவசரச் சட்டத்தில் எண் இருந்தும் ஏன் ஒழுகியது என்று கேட்பீர்கள். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரம், அவ்வளவுதான் ஆயுள். இரண்டு கூட்டத்துக்கு இடையில் அதிகபட்சம் ஆறு மாதம் என்பதால் மொத்தம் ஏழரை மாதம் தாண்டாது. சில வாரங்களுக்குள்ளேயே அவை முன் வைக்க வேண்டும் என்று 1949 மே 23-ல் கேட்டவர்களுக்குக் கிடைத்த ஆறுதலும் இதுதான். ஆனால் காலாவதியான மறுநாள் அதையே மறுபடி பிறப்பிக்கக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பீகார் அந்த இடுக்கில் புகுந்தது. 1967-லிருந்து 1981 வரை 256 அவசரச் சட்டங்கள், சில 14 ஆண்டு வரை உயிரோடு வைக்கப்பட்டன. புனே கோகலே நிறுவனத்துப் பொருளியல் ஆய்வாளர் டி.சி. வாத்வா இதையெல்லாம் உட்கார்ந்து எண்ணி வழக்குப் போட்டு, 1986 டிசம்பரில் தீர்ப்பு வாங்கினார். 2017 ஜனவரி 2-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு, மறுபிறப்பிப்பது சாசனத்தின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது. ஆறு வாரம் என்ற எழுத்து ஒரு நாளும் மீறப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பட்டிமன்றப்பாண்டி:

இரண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நாடாளுமன்றம் பற்றி யாராவது சொல்லுங்களேன். அப்புறம், சாசனத்தை "நானே முதல் ஆளாகக் கொளுத்துவேன்" என்று அம்பேத்கர் சொன்னதாக ஒரு அணி எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. நிஜமா, கட்டுக்கதையா?

கிழக்குமாடவீதி:

நாடாளுமன்றம் சுருக்கமாக. 1949 மே 18, வரைவுப் பிரிவு 69. ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும், இடைவெளி ஆறு மாதம் தாண்டக்கூடாது என்று வரைவு. கே.டி. ஷா போன்றவர்கள் இது போதாது, இன்னும் நெருக்கிக் கட்டுங்கள் என்றார்கள். அம்பேத்கரின் பதில் இன்று படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது: இனி எந்த அரசும் அவையை அலட்சியம் செய்ய முடியாது, என் பயமெல்லாம் கூட்டம் அடிக்கடி, நீளமாக நடந்து உறுப்பினர்களே சலித்துப்போவார்களோ என்பதுதான் என்றார்.

முதல் மக்களவை (1952-57) 677 நாள் அமர்ந்தது. 17-வது மக்களவை (2019-24) தன் முழுக் காலத்தில் 274 நாள். ஆண்டு சராசரி 135-லிருந்து 55-க்கு வந்திருக்கிறது. மாநிலச் சட்டமன்றங்களின் கதையைக் கேட்காமல் இருப்பதே நல்லது. ஆனால் ஆறு மாத எண் மட்டும் கெட்டியாக நிற்கிறது. 2020 மார்ச் 23-ல் பெருந்தொற்றால் ஒத்திவைத்த அவையை செப்டம்பர் 14-ல், கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கூட்டினார்கள். கேள்வி நேரத்தை எடுத்துவிட்டுத்தான் கூட்டினார்கள். கேள்வி நேரம் வேண்டும் என்று சாசனத்தில் இல்லையே! மூன்றாம்வாய்தா சொன்னதற்கு இது நல்ல சாட்சி. இன்னொன்று: துணைச் சபாநாயகரைக் "கூடிய விரைவில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93. 17-வது மக்களவை ஐந்து ஆண்டும் துணைச் சபாநாயகர் இல்லாமலே ஓடி முடிந்தது.

ஷாவின் திருத்தம் வென்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கண்ணில் படாத ஒரு பொருள் கட்சி. சாசனத்தின் மூல வாசகத்தில் அரசியல் கட்சி என்பதே கிடையாது. 1985-ல் 52-வது திருத்தம் கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தபோதுதான் அது உள்ளே நுழைந்தது. அன்றிலிருந்து கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். கட்சித்தாவல் பேரங்களை அடக்க வந்த சட்டம், நம்பிக்கை வாக்கெடுப்போடு நிற்காமல் சாதாரண மசோதாவுக்கும் உறுப்பினரின் கையைக் கட்டிவிட்டது. காமத்தும் குன்ஸ்ருவும் இன்றைய அவையில் ஆளுங்கட்சிக்காரர்களாக உட்கார்ந்தால் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நிர்ணய சபையிலும் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்கூட்டியே தனியாகக் கூடி முடிவெடுத்துவிட்டுத்தான் வந்தார்கள், அது வேறு விஷயம். ஆனால் மீறினால் சட்டப்படி இருக்கை பறிபோகாது.

தேர்தல் ஆணையத்தையும் விட்டுவிடாதீர்கள். 1949 ஜூன் 15-ல் ஷிப்பன் லால் சக்சேனா, தலைமைத் தேர்தல் ஆணையர் நியமனத்தை இரு அவைக் கூட்டுக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு உறுதிசெய்ய வேண்டும் என்றார். மறுநாள் அம்பேத்கர், அரசின் கைக்கு அடக்கமான ஒருவரை நியமிப்பதைத் தடுக்க இதில் ஏற்பாடு இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். கடைசியில் "நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால் அதற்கு உட்பட்டு" என்று விட்டார்கள். அந்தச் சட்டம் வர 2023 டிசம்பர் ஆனது. அதன்படி தேர்வுக் குழுவில் பிரதமர், அவர் பரிந்துரைக்கும் ஒரு மத்திய அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். மூன்றில் இரண்டு கிடைக்க பிரதமரும் அவருடைய அமைச்சருமே போதும். சக்சேனா கேட்ட மூன்றில் இரண்டு வேறு.

எதிர்க்கட்சிவரிசை:

எல்லோரும் சாசனம் எழுதியவர்களை நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள். அவர்கள் பாதிப் பேர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் என்பதையும் ஒரு அணி பேசட்டும்.

சாசனம் அமலானது 1950 ஜனவரி 26. விசாரணையின்றிச் சிறைவைக்கும் தடுப்புக்காவல் சட்டம் அடுத்த மாதமே வந்தது, கொண்டுவந்தவர் பட்டேல். அதே ஆண்டு மே மாதம் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்கில், மதராஸ் மாகாணச் சிறையிலிருந்து போட்ட மனு தோற்றது. அதே மாதம் 26-ல், மதராஸ் அரசு 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குப் போட்ட தடையை ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1951-ல் சண்பகம் துரைராஜன் வழக்கில் இடஒதுக்கீடு தந்த மதராஸின் வகுப்புவாரி அரசாணை விழுந்தது. ஆக 1951 ஜூனில் முதல் திருத்தம்: பேச்சுரிமைக்குப் புதிய தடைகள், இடஒதுக்கீட்டுக்கு 15(4), நீதிமன்றம் தொடமுடியாதபடி 13 சட்டங்களை வைத்த ஒன்பதாவது அட்டவணை. முதல் பொதுத்தேர்தலே அப்போது நடக்கவில்லை. அந்தத் திருத்தத்தை நிறைவேற்றிய தற்காலிக நாடாளுமன்றம் வேறு யாரும் இல்லை, இதே சபைதான்.

ஆகவே "எழுதியவர்கள் மனம் நோவார்கள்" என்று பேசுகிற அணியிடம் கேளுங்கள்: பேச்சுரிமையைச் சுருக்கியதற்கா? அதைத் தாங்களே பதினாறு மாதத்தில் ஆரம்பித்தார்களே. ஆனால் ஒரே மூட்டையாகவும் கட்டாதீர்கள். 15(4)-ஐயும் பேச்சுரிமைத் தடையையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச வேண்டும். 15(4) தமிழ்நாட்டுப் போராட்டத்தின் விளைவு. தடைகளுக்கு முன்னால் "நியாயமான" என்பதைச் சேர்த்ததால் நீதிமன்றத்துக்குப் பிடி கிடைத்ததும் அதே திருத்தத்தில்தான். அவைக்குள்ளேயே காமத்தும் குன்ஸ்ருவும் ஷியாமா பிரசாத் முகர்ஜியும் எதிர்த்தார்கள். "எழுதியவர்கள்" என்று ஒருமித்த குரல் ஒன்று இருந்ததே கிடையாது.

வரைவுத்தாள்:

@பட்டிமன்றப்பாண்டி, கொளுத்துவேன் என்றது நிஜம்தான். 1953 செப்டம்பர் 2, மாநிலங்களவை, ஆந்திர மாநில மசோதா விவாதம். ஆனால் முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் கொடுங்கள். மொழிச் சிறுபான்மையினரைக் காக்க ஆளுநருக்குக் கூடுதல் அதிகாரம் தந்திருக்க வேண்டும் என்பதுதான் அன்று அவர் வாதம். அதாவது 1949-ல் அலங்காரப் பதவி என்று சொன்னவரே நாலு ஆண்டில் இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஆளுநர் அதிகாரத்தைத் திட்டிப் பேசுகிற அணி இந்த மேற்கோளைப் பயன்படுத்தினால், எதிரணி அடுத்த பத்தியைப் படித்துக் காட்டி முடித்துவிடும். 1955 மார்ச் 19-ல் அதே அவையில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டபோது, தெய்வத்துக்குக் கட்டிய கோயிலில் தெய்வம் குடியேறுவதற்குள் பேய் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பொருளில் பதில் சொன்னார். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

அணிக்கு எட்டு நிமிடம்தான் இருக்கும் என்றால் 356, மசோதா ஒப்புதல், கூட்ட நாட்கள், முதல் திருத்தம் இந்த நாலோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் நாள், முன்மொழிந்தவர் பெயர், தோற்ற திருத்தத்தின் சாரம், பின்னால் நடந்தது என்று ஒரு அட்டை. அவசரச் சட்டத்தை விளக்கப் போனால் ஆறு வாரக் கணக்கிலேயே நேரம் போய்விடும். அதை நடுவர் கேட்டால் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள்.